தோற்கிற அணியின் ஏச்சுக்காரி

நான் ஆதரித்த பேஸ்போல் அணி இரண்டு வருடமாக ஓர் ஆட்டம்கூட வெல்லவில்லை. இப்படி ஒரு வரியில் சொல்லிவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்குப் புரியாது. ஒரு தடவை எதிரணி வந்த வாகனம் வழியில் பழுதாகி, ஒன்றரை மணி நேரம் பிந்தி வந்தார்கள். பாதிப் பேர் கை கால் உதறக்கூட நேரமில்லாமல் அப்படியே இறங்கி விளையாடினார்கள். அவர்களிடமும் தோற்றோம். இன்னொரு தடவை நாங்கள் முன்னிலையில் இருக்கும்போது நல்ல மழை பிடித்தது. நடுவர் வானத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன், எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். பத்து நிமிடத்தில் மழை விட்டுவிட்டது.

நோர்வேயில் பேஸ்போல் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் இருந்தது. நாடு முழுவதிலும் விளையாடுகிறவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் இருத்திச் சாப்பாடு போட்டுவிடலாம். அந்தப் பந்தியிலும் எங்கள் ஆட்களுக்குக் கடைசி இலைதான் கிடைத்திருக்கும்.

நான் அந்த அணியைத் தேடிப் போகவில்லை. ஒஸ்லோவில், குரோருட் பகுதியில் நான் வேலை செய்த குழந்தைகள் காப்பகத்துக்கும் அம்மருட்டில் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு புல்வெளி இருந்தது. ஒரு மே மாத மாலையில் வேலை முடிந்து நடந்து வந்தபோது ‘டங்’ என்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால், ஒருவன் தடியைப் போட்டுவிட்டு ஓடுகிறான், நாலு பேர் பந்தைத் துரத்துகிறார்கள். என் கால் அங்கேயே நின்றுவிட்டது. இது எல்லே அல்லவா?

எல்லே தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தடியால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு, வட்டமாக நட்டிருக்கும் கொடிகளைச் சுற்றி ஓட வேண்டும். ஓடுகிற ஆளைப் பந்தால் எறியலாம். பந்து உடம்பில் பட்டால் ஆள் அவுட். யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூட அணியில் என்னைச் சேர்த்ததே அந்த எறிக்காகத்தான். தடி எனக்கு வராது, ஓட்டமும் சுமார்தான். ஆனால் ஓடுகிற பிள்ளையின் முதுகு எனக்குத் தப்பியதில்லை. மற்றப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னைக் கண்டால் வளைந்து வளைந்து ஓடுவார்கள்.

அதனால் வேலியோரம் நின்று பார்த்த முதல் நாளில், எல்லேக்குத் தொப்பியும் கையுறையும் போட்டுக் குளிர் நாட்டுக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அணியின் பயிற்சியாளர் பகலில் பஸ் ஓட்டுகிறவர். ஆள் குறைவானதால் பந்து எறிகிறவரும் அவர்தான். அவர் வேலிக்கு வந்து, இது வேறு விளையாட்டு என்று பொறுமையாக விளக்கினார். இங்கே ஆளைப் பந்தால் எறியக் கூடாது, ஓட்டக்காரன் மிதிக்க வேண்டிய நாலு மூலைகளுக்கும் பேஸ் என்று பெயர், அங்கே நிற்கிற நம்முடைய ஆளிடம் எறிய வேண்டும், ஓடுகிறவன் வந்து சேருமுன் பந்து அங்கே போய்ச் சேர்ந்தால் அவன் அவுட். அந்தக் கோடைக்குள்ளேயே விதிகள் முழுவதையும் பாடமாக்கிவிட்டேன். நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

தோற்கிற அணியை ஏன் பிடித்துக்கொண்டு தொங்கினாய் என்று என் கணவர் பலமுறை கேட்டிருக்கிறார். அவர் கிரிக்கெட்காரர். வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், இலங்கை அணியின் ஸ்கோர் அறிய ஊருக்குத் தொலைபேசி எடுத்த மனிதர். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு கணினி முன்னால் இருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பார்.

“ஒருத்தன் எறியிறான், மற்றவன் பிடிக்கிறான், நடுவிலை நிக்கிறவன் தடியைத் தோளிலை வச்சுக்கொண்டு வேடிக்கை பாக்கிறான்,” என்பார். “இதையோ பாக்கப் போறீர்?”

அவருக்கு நான் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. அந்த மைதானத்தில் கத்தலாம்.

காப்பகத்தில் நாள் முழுவதும் நான் சொல்கிற வசனங்கள் மூன்றுதான். கத்தக் கூடாது. எறியக் கூடாது. முறைக்கு முறை. அதையும் குந்தியிருந்து, குழந்தையின் கண்ணைப் பார்த்து, மெல்லச் சொல்ல வேண்டும். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மிக்ஸி போட்டால் கீழ்வீட்டு மனுசி வாசலில் சிறு கடிதம் ஒட்டிவிடுவா, அடியில் ஒரு சிரித்த முகமும் கீறி. கோயிலுக்குப் போனால் பூசைக்கு அமைதி, மண்டபத்துக்குப் போனால் பேச்சாளருக்கு அமைதி. நாற்பது வயதுக்குள் என் தொண்டையில் எவ்வளவு சேர்ந்து கிடந்ததென்று எனக்கே தெரியாது. அந்தப் புல்வெளியில்தான் தெரிந்தது.

முதல் ஏச்சு வலது கோடியில் நின்ற நெட்டையனுக்கு விழுந்தது. பல்வைத்தியம் படிக்கிற பொடியன். உருண்டு வந்த பந்து அவனுடைய இரண்டு காலுக்கும் நடுவால் போய், எனக்கு முன்னால் வேலியில் முட்டி நின்றது. அவன் இன்னும் குனிந்தபடி புல்லைத் தேடிக்கொண்டிருந்தான்.

“கண்ணென்ன பிடரியிலையோ கிடக்கு?” என்று கத்தினேன். பிறகு அதையே நொர்ஸ்க் மொழியிலும் சொன்னேன், நியாயம் பிசகக் கூடாதென்று.

பார்வையாளர்கள் ஆறு பேர், ஒரு நாய் உட்பட, என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் வந்தார். இங்கே நல்லதை மட்டும்தான் கத்துவோம், அதுதான் வழக்கம் என்றார், மிகவும் மரியாதையாக.

நல்லது நடந்தால் கத்துகிறேன் என்றேன். பிறகு எங்கள் வழக்கத்தையும் சொன்னேன். எங்கள் வீடுகளில் விருந்தாளி கோப்பையை உடைத்தால், பரவாயில்லை, பழைய கோப்பைதான் என்போம். அதே கோப்பையைச் சொந்தத் தம்பி உடைத்தால் அவன் படுக்கப் போகும்வரை ஏச்சு நிற்காது. ஏச்சு வாங்க உரிமை வேண்டும். ஊர் பேர் தெரியாதவனை நாங்கள் ஏசுவதில்லை.

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “அப்படியென்றால் ஏசு,” என்றார்.

அப்படித்தான் நான் அந்த அணியின் ஏச்சுக்காரி ஆனேன். பஸ்காரரையும் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஏசினேன். பிழையான பேஸுக்கு எறிந்தவனை, நின்று யோசித்தவனை, பந்தைப் பார்க்காமல் மேகத்தைப் பார்த்தவனை. ஒருமுறை தொண்டை கட்டி ஒரு சொல்லும் வராமல் வேலியோரம் சும்மா நின்றேன். மூன்றாவது சுற்றில் நெட்டையன் ஓடி வந்து, “எங்களோடு கோபமா?” என்று கேட்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றும் தோற்றோம், அது வேறு.

ஏச்சோடு ரோல்ஸும் போகும். ஞாயிறு காலையில் உருளைக்கிழங்குக் கறி வைத்துச் சுருட்டி நாற்பது ரோல்ஸ் பொரிப்பேன். எங்கள் ஆட்கள் சாப்பிட எதிரணி பார்த்துக்கொண்டிருக்கிறதா? என் கைக்கு அது வராது. முதலில் விருந்தாளி அணிக்கு நீட்டிவிட்டுத்தான் மிச்சம் எங்களுக்கு. எதிரணிக்காரர் நல்ல பசியோடு வருவார்கள், வெல்கிறவர்களுக்குப் பசி அதிகம்.

“தோக்கிறவனுக்கும் ரோல்ஸ், தோக்கடிக்கிறவனுக்கும் ரோல்ஸ்,” என்பார் கணவர். “இஞ்சை கிரிக்கெட் பாக்கிறவனுக்கு ஒண்டுமில்லை.” சொல்லிக்கொண்டே சட்டியிலிருந்து இரண்டை எடுத்துவிடுவார்.

துயரத்தைச் சொல்லி அழவும் ஆளில்லை. கல்யாண வீட்டில் ஒரு அக்காவிடம், போன ஞாயிறு கடைசிச் சுற்றில் கைக்கு வந்ததை விட்டுவிட்டோம் என்று சொன்னேன். காணி விஷயமாக்கும் என்று நினைத்து ஆறுதல் சொன்னா. பேஸ்போல் என்றதும், “அதுக்கு உமக்கு என்ன தருவாங்கள்?” என்று கேட்டா. திங்கட்கிழமை பத்திரிகையில் பத்து வயதுப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட முடிவுகள் எல்லாம் இருக்கும். எங்கள் தோல்வியைப் போட ஒரு மூலை இருக்காது.

நாலாவது கோடையின் ஆகஸ்ட் மாதத்தில்தான் அந்த ஆட்டம். நெட்டையன் முந்திய வாரம் விரலை முறித்துக்கொண்டு, கட்டோடு வாங்குப் பலகையில் இருந்தான். இன்னும் இரண்டு பேர் விடுமுறையில் போய்விட்டார்கள். எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர். ஒன்பது பேர் இல்லாவிட்டால் ஆடாமலே தோல்வி. அந்த வருடம் ஏற்கெனவே ஒருமுறை ஆள் குறைந்திருந்தது. இரண்டாவது முறையும் குறைந்தால் தொடரிலிருந்து அணியை எடுத்துவிடுவார்கள் என்று பயிற்சியாளர் சொன்னார். அணியை எடுத்துவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை எங்கே?

அவர் வேலிக்கு வந்து என் காலணியைப் பார்த்தார். “பெண்கள் ஆடக் கூடாதென்று விதியில் இல்லை,” என்றார். “ஒரு டுக்னாட் என்று நினைத்துக்கொள்.”

டுக்னாட் என்றால் எங்கள் அடுக்குமாடியில் வசந்த காலத்தில் எல்லாரும் ஒன்றாக இறங்கி முற்றம் கூட்டுவார்களே, அது. கூப்பிட்டால் மறுக்க முடியாது. நான் ரோல்ஸ் எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு வேலிக்குள் போனேன். நெட்டையன் தன் தொப்பியையும் கையுறையையும் தந்தான். தொப்பி என் மூக்குவரை வந்தது.

வலது கோடியில் நிறுத்தினார்கள். பந்து அதிகம் வராத இடம், அணியில் ஆக மோசமானவரை நிறுத்துகிற இடம். நாலு வருடம் அதைச் சொல்லித்தானே நெட்டையனை ஏசினேன். தடி என் கைக்கு வந்தபோதெல்லாம் மூன்று பந்தையும் விட்டுவிட்டுத் தலை நிமிர்ந்து திரும்பி வந்தேன். ஆனால் என்ன அதிசயமோ, மற்ற எட்டுப் பேரும் அன்று பேய் பிடித்ததுபோல விளையாடினார்கள். கடைசிச் சுற்று வந்தபோது நாங்கள் ஒன்பது, அவர்கள் எட்டு. சீட்டு முறைப்படி அன்று கடைசி அடி அவர்களுடையது. அதில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஓர் ஆள் அவுட் ஆனால் போதும், இரண்டு வருடத்து முதல் வெற்றி.

அவர்களுடைய ஆட்கள் முதல் பேஸில் ஒருவன், இரண்டாம் பேஸில் ஒருவன். முதல் பேஸில் நின்றவன் நல்ல உருண்ட உடம்பு. என் ரோல்ஸில் நாலு அவன் வயிற்றில் இருந்தது எனக்குத் தெரியும், நானே எடுத்துக் கொடுத்தேன்.

‘டங்.’ பந்து வேகமாக எங்கள் ஆள் ஒருவனுடைய கைக்கு நேரே போனது. பிடிபட்டுவிடும் என்று நினைத்து உருண்டையன் ஓடாமல் நின்றுவிட்டான். பந்து கையுறையில் தட்டுப்படாமல் மேலால் பறந்து, இரண்டு தடவை குத்தி, என் கைக்குள் வந்து இருந்தது. நானாகப் பிடிக்கவில்லை, அதுவாக வந்தது. உருண்டையன் அப்போதுதான் இரண்டாம் பேஸை நோக்கி ஓடத் தொடங்கினான். அந்தப் பேஸில் எங்கள் ஆள் காலை ஊன்றிக்கொண்டு, கையுறையை விரித்துப் பிடித்தபடி என்னைப் பார்த்து நின்றான். அவனிடம் எறிந்தால் முடிந்தது. எங்களுக்கு வெற்றி.

இதெல்லாம் எனக்குத் தெரியும். வேலிக்கு வெளியே நின்றிருந்தால், ‘இரண்டாவதுக்கு எறியடா, உன் கையிலென்ன கஞ்சியோ வைத்திருக்கிறாய்?’ என்று நானே கத்தியிருப்பேன்.

ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு முதுகு ஓடியது. அகலமான, மெதுவான, வளையாமல் நேராக ஓடுகிற முதுகு. இருபத்தைந்து வருடம் கழித்து என் கை தானாகப் பின்னால் போனது.

குறி தப்பவில்லை. முதுகுக்குச் சற்றுக் கீழே, பின்பக்கத்தின் நட்ட நடுவில் விழுந்தது. பேஸ்போல் பந்து ரெனிஸ் பந்து இல்லை. உருண்டையன் போட்ட சத்தம் அடுக்குமாடிகளில் பட்டுத் திரும்பி வந்தது. நான் இரண்டு கையையும் தூக்கி, “அவுட், அவுட்,” என்று துள்ளினேன். நெட்டையனின் தொப்பி கழன்று விழுந்தது.

எங்கள் ஆட்கள் எட்டுப் பேரும் பந்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள். பந்து யாருமில்லாத பக்கமாக உருண்டு போனது. இரண்டாம் பேஸிலிருந்து முன்னால் ஓடியவன், ஓட்டம் முடிகிற ‘வீடு’ சேர்ந்தான். உருண்டையன் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்தபடி மூன்றாம் பேஸையும் தாண்டி, நொண்டி நொண்டி அவனும் வீடு சேர்ந்தான். பத்துக்கு ஒன்பது. நான் துள்ளுவதை அதன் பிறகுதான் நிறுத்தினேன்.

புதைந்துபோகலாம் போல இருந்தது. மெல்ல நடந்து வாங்குக்கு வந்தேன், வருகிற வழியெல்லாம் ஏச்சுக்குத் தயாராக. நானென்றால் என்ன சொல்லியிருப்பேன் என்று ஒரு பட்டியலே மனதில் ஓடியது.

“பரவாயில்லை,” என்றான் இரண்டாம் பேஸில் நின்றவன், புன்னகையோடு.

“நல்ல எறி,” என்றான் நெட்டையன்.

பயிற்சியாளர் கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். “உதவிக்கு மிக்க நன்றி,” என்றார்.

கோப்பையை உடைத்த விருந்தாளிக்குச் சொல்கிற அதே சொற்கள். நாலு கோடை, நாலாயிரம் ஏச்சு, எத்தனை சட்டி ரோல்ஸ், கடைசியில் நான் முற்றம் கூட்ட வந்த அயல்வீட்டு மனுசி. தோற்றதைக்கூடத் தாங்கிக்கொள்வேன், பழக்கம்தானே. இதைத் தாங்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் வழி முழுவதும் அழுதேன்.

அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. தேத்தண்ணி ஆறியதற்கு ஏசினேன், கதவு திறந்து கிடந்ததற்கு ஏசினேன். கணவர் கணினியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“தோத்தது உமக்குப் புதுசோ?”

“அவங்கள் ஒரு சொல்லும் ஏசேல்லை,” என்றேன்.

“அதுக்கோ அழுறீர்? நல்ல மனுசர் எண்டு நினைச்சு விடும்.”

“அதுதான். நல்ல மனுசர் எங்களுக்கு ஆர்? வெளி ஆக்கள்.”

சனிக்கிழமை இரவு, நாளைக்கு நான் போகப் போவதில்லை என்றேன். ஞாயிறு காலையில் எழும்பிப் பார்த்தால் மனுசன் சமையலறையில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டு நிற்கிறார். தானும் வருவதாகச் சொன்னார். அன்று இலங்கைக்குப் போட்டி இருந்தது எனக்குத் தெரியும்.

அன்றும் எட்டுப் பேர்தான். பயிற்சியாளர் நெட்டையனின் கையுறையை நீட்டினார். நானும் வாங்கிக்கொண்டு வலது கோடிக்குப் போனேன். கணவர் ரோல்ஸ் பையோடு வேலியோரம் நின்றார், சரியாக வெயில் விழுகிற இடத்தில், மூடியும் திறந்தபடி.

“அதை நிழலிலை வையுங்கோ,” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. நான் இரண்டு அடி வேலிப் பக்கம் போய், கையால் காட்டி, “நிழலிலை, நிழலிலை,” என்றேன்.

எனக்குப் பின்னால் ‘டங்’ என்றது. நான் திரும்புவதற்குள் பந்து என்னைத் தாண்டி, கணவருக்கு முன்னால் வேலியில் முட்டி நின்றது.

பயிற்சியாளர் கையுறையைக் கழற்றி நிலத்தில் அடித்தார். அவர் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று தொடங்கினார். இது மைதானமா, உன் வீட்டுக் குசினியா? நாலு வருடம் வேலியில் தொங்கிக்கொண்டு எதைப் பார்த்தாய்? சின்னப் பிள்ளைக்குத் தெரியும் பந்து வரும்போது பந்தைப் பார்க்க வேண்டும் என்று. முகம் சிவந்துவிட்டது அவருக்கு. நடுவர் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அதுவும் போன ஞாயிறு,” என்று பயிற்சியாளர் மூச்சு வாங்கினார். “போன ஞாயிறு செய்தாயே ஒரு வேலை, அது என்ன? எந்த உலகத்தில் ஆளுக்கு எறிவார்கள்? ஒரு கிழமையாக நான் நித்திரை கொள்ளவில்லை, தெரியுமா?” வாங்கிலிருந்து நெட்டையன் எழும்பி, “நானும்தான்,” என்றான்.

கணவருக்கு அவ்வளவு நொர்ஸ்க் பிடிபடவில்லை, ஆனால் தொனி பிடிபட்டுவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு வேலியில் கையை ஊன்றினார்.

“என்ன, அவன் உம்மை ஏசுறானோ?”

“ஓம்,” என்றேன்.

“நான் வந்து கதைக்கட்டோ?”

“நீங்கள் பேசாமல் நில்லுங்கோ,” என்றேன். “அவர் இன்னும் முடிக்கேல்லை.”